பச்சிளங்குழந்தைகளுக்கான இரத்த வாயுப் பரிசோதனை: கருவியை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம்?

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பெற்றோர் எங்களிடம் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவ்வளவு சிறிய குழந்தையிடமிருந்து இத்தனை முறை இரத்தம் எடுக்கத்தான் வேண்டுமா?" இது மிகவும் நியாயமான கேள்வி. ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையின் உடலில் உள்ள மொத்த இரத்தம் ஏறத்தாழ 90 மில்லிலிட்டர்தான். அது ஒரு சிறிய காபித் தம்ளருக்குள் அடங்கிவிடும். அக்குழந்தையிடமிருந்து 1 மில்லிலிட்டர் எடுப்பது, 60 கிலோ எடையுள்ள பெரியவரிடமிருந்து ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் எடுப்பதற்குச் சமமாகும். அடிக்கடி இரத்தம் எடுப்பதால் சோகை உண்டாகி, குழந்தைக்கு இரத்தம் ஏற்றவேண்டிய நிலையும் வரலாம்.

இப்பரிசோதனை ஏன் தேவை?

குழந்தையின் கையிலோ காலிலோ ஒட்டப்படும் உணர்கருவி ஆக்சிஜன் அளவை இடைவிடாது காட்டுகிறது. ஆனால் இரத்தத்தில் எவ்வளவு கரியமில வாயு தேங்கியுள்ளது, இரத்தம் அமிலத்தன்மை அடைந்துள்ளதா என்பவற்றை அது காட்டாது. செயற்கை சுவாசம் பெறும் குறைமாதக் குழந்தைக்கு இவ்விரண்டும் முக்கியமானவை. கரியமில வாயு மிகவும் குறைந்தால் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறையும். மிகவும் கூடினால், அல்லது ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடும். ஆகவேதான் சுவாசக் கருவியின் அழுத்தத்தை மாற்றிய பின் இரத்தத்தை ஆராய்ந்து பார்க்கிறோம்.

ஆய்வகத்துக்கு அனுப்பாமல் பிரிவிலேயே கருவி வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. எடுத்த இரத்தத்திலுள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. நேரம் செல்லச் செல்ல அவை சர்க்கரையைச் செலவழித்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. எனவே தாமதமாக ஆராயப்படும் இரத்தம் குழந்தையின் உண்மை நிலையைக் காட்டாது. அருகிலுள்ள கருவியோ சில நிமிடங்களில் முடிவைத் தந்துவிடும்.

தேர்வில் நாங்கள் பார்ப்பவை

முதலாவது, தேவைப்படும் இரத்தத்தின் அளவு. இன்றைய கருவிகளில் பல 100 மைக்ரோலிட்டருக்கும் குறைவான இரத்தத்தில், அதாவது ஏறத்தாழ இரண்டு துளிகளில், இயங்குகின்றன. அதே துளிகளிலிருந்து சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் ஆகியவற்றையும் அறிய முடிந்தால், அவற்றுக்கெனத் தனியாக இரத்தம் எடுப்பதைப் பெரிதும் குறைக்கலாம்.

இரண்டாவது, பச்சிளங்குழந்தையின் இரத்தத்துக்கு அக்கருவி பொருந்துகிறதா என்பது. குழந்தையின் இரத்தத்தில் கருவிலிருந்தபோது உருவான வேறுவகை ஹீமோகுளோபின் மிகுதியாக உள்ளது; மஞ்சள்காமாலைக்குக் காரணமான பிலிருபினும் கூடுதலாக இருக்கலாம். இவற்றால் அளவீடு பிசகாதபடி கருவி அமைந்திருக்க வேண்டும். சில கருவிகள் இரத்தத்தில் மின்சாரம் பாயும் தன்மையைக் கொண்டு சிவப்பணுக்களின் விகிதத்தைக் கணிக்கின்றன. குறைமாதக் குழந்தைகளின் இரத்தத்தில் புரதம் குறைவாக இருப்பதால், இம்முறை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். அவ்வெண்ணை மட்டும் நம்பினால் தேவையின்றி இரத்தம் ஏற்ற நேரிடலாம். ஆகையால் ஒளியைச் செலுத்தி ஹீமோகுளோபினை நேரடியாக அளக்கும் கருவியையே நாங்கள் விரும்புகிறோம்.

மூன்றாவது, நம்பகத்தன்மை. அளவு முன்பே தெரிந்த திரவங்களைச் செலுத்தி, கருவி சரியாக அளக்கிறதா என்று முறையாகச் சோதிக்க வேண்டும். ஆய்வகத்தின் முடிவுகளோடும் அவ்வப்போது ஒப்பிட வேண்டும். இரத்த மாதிரியில் காற்றுக்குமிழியோ உறைகட்டியோ இருந்தால் முடிவு பிழையாகும். உறைகட்டியைக் கண்டறிந்து எச்சரிக்கும் வசதி, கருவியையும் காக்கும், குழந்தையையும் காக்கும்.

நான்காவது, தொடர்ந்து இயங்கும் வசதி. கையடக்கக் கருவியைக் குழந்தையின் அருகிலேயே கொண்டு செல்லலாம், ஆம்புலன்ஸிலும் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ் செலவாகும். சிலவற்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கவும் வேண்டும். மேசைக் கருவி நாள்தோறும் பல பரிசோதனைகள் நடக்கும் பிரிவுக்கு ஏற்றது. எதுவாயினும், நள்ளிரவில் அது பழுதுபட்டால் மாற்று வழி என்ன என்பதையும் விலை பேசும்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் அறியவேண்டியவை

சிறந்த கருவி இருப்பது மட்டும் போதாது; தேவையற்ற பரிசோதனையைத் தவிர்ப்பதே குழந்தையின் இரத்தத்தைச் சேமிக்கும் முதல் வழி. ஒவ்வொரு முறை எடுக்கும் அளவையும் குறித்து வைக்கிறோம். தொப்புள் தமனியில் குழாய் இருந்தால் அதன் வழியே வலியின்றி எடுக்கலாம். இல்லையெனில் குதிகாலின் பக்கவாட்டில் குத்தி எடுக்கிறோம். குதிகால் இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவை ஓரளவு நம்பலாம். ஆக்சிஜனின் அளவை நம்ப இயலாது. அதற்கு உணர்கருவியின் அளவையே கொள்கிறோம்.

குத்தும்போது உண்டாகும் வலியைக் குறைக்கப் பெற்றோராகிய நீங்களும் உதவலாம். குழந்தையின் நிலை இடமளித்தால், தாய் அல்லது தந்தையின் மார்போடு அணைத்து வைத்திருப்பதும், சில சொட்டுத் தாய்ப்பால் கொடுப்பதும் நல்ல பலன் தரும். அதற்கு முன் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது, எவ்வளவு எடுக்கப்பட்டது, முடிவைக் கொண்டு சிகிச்சையில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்ற மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். அவற்றுக்கு விடை சொல்வது எங்கள் கடமை.