ஒரு சாய்கோட்டில் மாறும் பொருள்: ஸ்பானிய மடல்களும் கணினியின் பிழைதிருத்தமும்

ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஸ்பானியமும் ஒன்று. ஸ்பெயினிலும், மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையிலான பெரும்பாலான லத்தீன் அமெரிக்க நாடுகளிலுமாகச் சுமார் 20 நாடுகளில் அது வழங்குகிறது. அந்நாடுகளுக்கு மருந்து, மோட்டார் வாகனங்கள், ஆயத்த ஆடைகள் முதலியவற்றை ஏற்றுமதி செய்யும் தொழில்முனைவோர், அங்கு உயர்கல்வி பெற விழையும் மாணவர்கள், பன்னாட்டு நிறுவனங்களில் பணியாற்றுவோர் எனப் பலருக்கும் ஸ்பானியத்தில் ஒரு மடலேனும் எழுதவேண்டிய தேவை இன்று எழுகிறது. அவர்களுக்குத் துணை நிற்பவை கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள பிழைதிருத்திகள். அவற்றின் ஆற்றல் பெரிது; அதன் எல்லையையும் அறிந்து பயன்படுத்துவோருக்கே முழுப் பயன் கிட்டும்.

கருவி எவ்வாறு செயல்படுகிறது?

பிழைதிருத்தி முதலில் ஒவ்வொரு சொல்லையும் தன்னிடமுள்ள சொற்பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத சொல்லின் கீழ்ச் சிவப்புக் கோடு இடுகிறது. ஸ்பானிய வினைச்சொல் ஒவ்வொன்றும் இடம், எண், காலம் ஆகியவற்றுக்கேற்பப் பல வடிவம் கொள்ளும். ஆகவே வேர்ச்சொல்லோடு எந்தெந்த விகுதி சேரும் என்னும் விதிகளையும் கருவி வைத்திருக்கிறது. லிப்ரே ஆபிஸ் செயலியில் இயங்கும் ஹன்ஸ்பெல் இம்முறையைப் பின்பற்றுவதே.

அடுத்த படி இலக்கணம். ஸ்பானியத்தில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. 'ஆ' என முடியும் சொற்களுள் பெரும்பாலானவை பெண்பால். ஆயினும் சிக்கல் என்னும் பொருள் தரும் 'ப்ரொப்லேமா' ஆண்பால். அதன் முன் பெண்பால் சுட்டான 'லா'வை இட்டால், ஆண்பாலுக்குரிய 'எல்' வரவேண்டும் என்று மைக்ரோசாப்ட் வேர்ட், லாங்குவேஜ்டூல் போன்ற கருவிகள் சுட்டிக்காட்டும். பால், எண் இயைபுப் பிழைகளைக் களைவதில் இவை நல்ல துணை.

கோடு விழாத பிழைகள்

தமிழில் 'பணி' என்று எழுதவேண்டிய இடத்தில் 'பனி' என்று எழுதினால் சொற்பட்டியல் ஒன்றும் சொல்லாது. இரண்டும் சரியான சொற்களே. ஸ்பானியத்தில் இத்தகைய இடர்ப்பாடு பெரும்பாலும் 'தில்தே' எனப்படும் சாய்கோட்டால் நேர்கிறது. அழுத்தி ஒலிக்கும் உயிரெழுத்தின் மேல் இடப்படும் சிறு கோடு அது.

வங்கிப் பணிக்கு நெருக்கமான ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'தெபோசிதோ' என்னும் சொல்லில் நடுவிலுள்ள ஓகாரத்தின் மேல் கோடிட்டால் 'வைப்புத்தொகை' என்று பொருள். கோடே இல்லாவிடில் 'நான் பணம் செலுத்துகிறேன்' என்று பொருள். இறுதி ஓகாரத்தின் மேல் கோடிட்டாலோ 'அவர் செலுத்தினார்' என்றாகிவிடும். மரியாதை வழக்கில் 'நீங்கள் செலுத்தினீர்கள்' என்பதற்கும் அதே வடிவமே. எழுத்துகள் ஒன்றே, பொருள்கள் மூன்று.

இவற்றுள் வைப்புத்தொகையைக் குறிக்கும் சொல்லின் முன் 'எல்' என்னும் சுட்டு வருமாயின், விடுபட்ட கோட்டைக் கருவி கண்டுகொள்ளக்கூடும். மற்ற இரண்டின் நிலை வேறு. தமிழைப் போலவே ஸ்பானியத்திலும் எழுவாயை வெளிப்படச் சொல்லாமல் விடுவது இயல்பு. 'நிலுவையைச் செலுத்துகிறேன்', 'நிலுவையைச் செலுத்தினீர்கள்' ஆகிய இரண்டும் குறையற்ற தொடர்களே. பணம் வந்துசேர்ந்ததா, இனிமேல்தான் வரப்போகிறதா என்பதைக் கருவி அறியாது; எழுதுபவரே அறிவார்.

புத்தாண்டு வாழ்த்திலும் கவனம் வேண்டும். ஆண்டைக் குறிக்கும் 'ஆன்யோ' என்னும் சொல்லில் உள்ள 'ன்ய' எழுத்தின் மேல் ஒரு நெளிகோடு உண்டு. அதை விட்டுவிட்டால், மடலில் எழுதக் கூசும் ஓர் உடலுறுப்பின் பெயராக அச்சொல் மாறும். அதுவும் அகராதிச் சொல்லே ஆதலின் சிவப்புக் கோட்டை மட்டும் நம்பியிருக்க இயலாது. கைப்பேசியில் ஸ்பானிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் இவ்வெழுத்து தனி விசையாகவே கிட்டும்.

ஆவணங்களில் எது பிழை?

கடன் உறுதிக் கடிதத்தின்கீழ்ச் செய்யப்படும் ஏற்றுமதியில், ஆவணங்கள் பொருந்தினால்தான் பணம் வழங்கப்படும். இதற்கான நடைமுறைகளைப் பன்னாட்டு வணிகக் கழகம் வகுத்துள்ளது. சொல்லின் அல்லது தொடரின் பொருளை மாற்றாத எழுத்துப்பிழையால் ஓர் ஆவணம் முரண்பாடுடையது ஆகிவிடாது என்று அதன் வங்கி நடைமுறைக் கையேடு கூறுகிறது. இயந்திரம் என்னும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து மாறிவிடுவதால் கேடில்லை. ஆனால் 'மாதிரி 321' என இருக்கவேண்டிய இடத்தில் 'மாதிரி 123' என இருந்தால் அது முரண்பாடே.

இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது. கருவி எளிதில் பிடித்துத் தருபவை பெரும்பாலும் தீங்கற்ற பிழைகள். தீங்கு விளைவிப்பவையோ சரியான வடிவில் தவறான இடத்தில் அமர்ந்திருக்கும் சொற்களும் எண்களும். ஆகவே சிவப்புக் கோடுகள் அனைத்தும் மறைந்தபின்னரே நம் சரிபார்ப்புத் தொடங்குகிறது எனலாம்.

எண்களில் தனிக் கவனம்

ஸ்பெயினில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் வழங்கிவருகின்றன. அங்கு '1.250' என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பது; நம் கண்ணுக்கோ ஒன்றேகால். மெக்சிகோவில் நம் நாட்டைப் போலவே தசமத்துக்குப் புள்ளி இடுவர்.

'பில்லியன்' என்னும் சொல்லும் அவ்வாறே. ஆங்கிலத்தில் அது 100 கோடி. ஸ்பானியத்தில் 'பில்யோன்' என்றால் 1 லட்சம் கோடி. நூறு கோடியை அவர்கள் 'மில் மில்யோனெஸ்', அதாவது ஆயிரம் மில்லியன் என்பர். நாணயக் குறியும் மயக்கம் தரவல்லது. மெக்சிகோ, கொலம்பியா, சிலி, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் டாலர் குறியே அந்தந்த நாட்டுப் பெசோவைக் குறிக்கிறது. எனவே தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறித்து, நாணயத்தின் பெயரையும் முழுமையாக எழுதுதல் நன்று.

சரிபார்க்கும் முறை

முதற்கண், கருவியில் மொழியோடு நாட்டையும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பலரை நோக்கிப் பேசுகையில் ஸ்பெயினில் நட்பு வழக்கிற்கு 'வொசோத்ரொஸ்' என்பர். லத்தீன் அமெரிக்காவில் 'உஸ்தேதெஸ்' மட்டுமே வழங்கும். ஒருவரை நோக்கி எழுதும்போதும் 'தூ', 'உஸ்தேத்' என நம் 'நீ', 'நீங்கள்' போன்ற வேறுபாடு உண்டு. வணிக மடலில் மரியாதை வடிவமே தக்கது. ஒரே மடலில் இரண்டும் கலந்துவிடாமல் இறுதிவரை பார்த்துவருதல் எழுதுபவரின் கடமை.

ஐயம் தோன்றினால் நாடத்தக்க இடங்கள் உண்டு. மாட்ரிட் நகரில் 1713ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. செய்தித்துறையினர்க்கும் பிறர்க்கும் மொழி ஐயங்களைத் தீர்க்கும் 'ஃபுந்தேயு' அறக்கட்டளை 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஸ்பெயினின் எஃபே செய்தி நிறுவனத்தோடு இணைந்து அதைத் தோற்றுவித்தது பிபிவிஏ என்னும் வங்கி என்பது நாம் மகிழத்தக்க செய்தி. முறையாகக் கற்க விரும்புவோர்க்குப் புதுதில்லியில் செர்வாந்தெஸ் நிலையம் இயங்குகிறது.

மடலை முடித்தபின் ஒருமுறை வினைச்சொற்களை மட்டும் பார்த்துச் செல்லுங்கள்: யார் செய்தது, எப்போது செய்தது? மறுமுறை எண்கள், நாள்கள், பெயர்களை மட்டும் பாருங்கள். பெருந்தொகை தொடர்பான மடலாயின், அம்மொழி அறிந்த ஒருவரிடம் காட்டுதல் நலம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இணையவழிப் பிழைதிருத்தியில் நாம் ஒட்டும் உரை, நம் கணினியை விட்டு வேறொரு வழங்கிக்குச் செல்கிறது. கணக்கு எண், அட்டை எண், கடவுச்சொல், ஒப்பந்த விலை முதலியவற்றை நீக்கிவிட்டு உரையை மட்டும் சரிபாருங்கள். அல்லது இணையத் தொடர்பின்றிக் கணினியிலேயே இயங்கும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

கருவி மடலைப் பிழையற்றதாக்க உதவும். நாம் சொல்ல எண்ணியதையே அம்மடல் சொல்கிறதா என்று உறுதிசெய்வது, அதில் கையொப்பமிடும் நம் பொறுப்பாகும்.