கடற்கொள்ளையர் வேடப் பிறந்தநாள் விழா: ஊவாத் தோட்டப் பெற்றோருக்கான உரிமைகளும் எச்சரிக்கைகளும்

குழந்தையின் பிறந்தநாளை ஒரு கதையின் சூழலுக்குள் வைத்துக் கொண்டாடும் வழக்கம், அதாவது அலங்காரம், உடை, கேக், விளையாட்டு ஆகிய யாவற்றையும் ஒரே கருப்பொருளுக்கு இசைய அமைக்கும் வழக்கம், பெருநகரங்களைக் கடந்து பதுளை, பண்டாரவளை, வெலிமடை நகரங்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்துள்ளது. அக்கருப்பொருள்களுள் கடற்கொள்ளையர் வேடமும் ஒன்று. பெருக்கல் குறியிட்ட புதையல் வரைபடம், தோளில் அமர்ந்த கிளி போன்ற அதன் அடையாளங்கள், 1883ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ நாவல் வழியே உலகெங்கும் பரவியவை. கடற்கரையே இல்லாத ஊவா மாகாணத்தின் பிள்ளைகள் கப்பலையும் தீவையும் கற்பனை செய்து மகிழ்வதை மறுக்க எவ்விதக் காரணமும் இல்லை. கவலைக்குரியது, விழாவுக்கு வாங்கும் பொருளுக்குச் சட்டமோ தரமோ பொருந்தாது என்றும், பணம் கைமாறிய பின் கேள்வி கேட்க இயலாது என்றும் பெற்றோரிடையே நிலவும் எண்ணமாகும். அவ்வெண்ணம் முற்றிலும் பிழையானது. அதன் இழப்பைப் பெரிதும் சுமப்பவர்கள் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரே.

பெருந்தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அலங்காரம் செய்பவருக்குச் செலுத்தப்படும் முற்பணம் எத்தனை நாள் கொழுந்து பறித்த உழைப்புக்குச் சமம் என்பதைத் தமது நாட்சம்பளத்தைக் கொண்டு எவரும் கணக்கிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருள் வாங்குபவர் கேட்கும்போது பற்றுச்சீட்டு வழங்குவதை வியாபாரியின் கடமையாக்கியுள்ளது. பொதியில் குறிக்கப்பட்ட விலையை விடக் கூடுதலாக விற்பதையும், பொருளைப் பற்றிப் பொய்யான விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கியுள்ளது. பொருள் மட்டுமன்றிச் சேவையும் இச்சட்டத்துக்குள் அடங்குவதால், மேடை அலங்காரம், ஒலிபெருக்கி, காணொளிப் பதிவு ஆகியவற்றை ‘பெக்கேஜ்’ என்று ஒரே தொகைக்கு ஏற்பவர், அவ்வேலையை உரிய திறனோடும் கவனத்தோடும் செய்து தருவதாக, வாய்விட்டுச் சொல்லாவிடினும், உத்தரவாதம் அளித்தவராகவே கருதப்படுவார். ஆயினும் எதற்கு உடன்பட்டோம் என்பதைக் காட்ட எழுத்து வேண்டும். முற்பணம் எவ்வளவு, எந்தெந்தப் பொருள் வரும், மழையாலோ நோயாலோ விழா தள்ளிப்போனால் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பனவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது போதுமானது. முகநூலில் விளம்பரம் கண்டு, கடையின் முகவரி தெரியாமல் வங்கிக் கணக்கொன்றுக்கு முழுத் தொகையையும் அனுப்புவது அறவே தவிர்க்கப்பட வேண்டியது.

விழாப் பொதிகளில் வரும் பொருள்கள் சில, விற்பனைக்கே தடை செய்யப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. பலூன், பந்து, நீர் விளையாட்டுக்குரியவை ஆகியன நீங்கலாக, காற்றடைத்துப் பெரிதாக்கும் பிளாஸ்டிக் பொம்மைகள் 2021 மார்ச் 31 முதல் இலங்கையில் தடை செய்யப்பட்டுள்ளன. ஊதிப் பெருக்கும் வாளும் கிளியும் இத்தடைக்குள் அடங்கும். ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல், மாலை ஆகியவை 2023 ஒக்டோபர் 1 முதல் தடைக்குள்ளாயின. பொலித்தீனால் விழா அலங்காரம் செய்வதும், பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதும் 2017ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டன. ஆகவே, இத்தகைய பொருள்களைக் கொண்ட பொதியை வாங்க மறுப்பதும், அவற்றுக்குப் பதிலாகத் துணிக் கொடியையும் கடதாசிக் கோப்பையையும் கேட்பதும் வாங்குபவரின் உரிமை.

மலிவு விளையாட்டுப் பொருள்களுள் மிகக் கொடியது, பார்வைக்கு மிகச் சிறியதாக இருப்பதாகும். ஒளிரும் வாளின் பிடியிலும், மினுங்கும் மண்டையோட்டு மோதிரத்திலும், ஒலி எழுப்பும் வாழ்த்து அட்டையிலும் சட்டைப் பொத்தான் அளவிலான வட்டப் பற்றரி இருக்கும். திருகாணியால் முடுக்கப்படாத மூடியொன்றைக் குழந்தையின் நகமே நெம்பித் திறந்துவிடும். உள்ளிருந்து உருண்டு விழும் பற்றரி, புதையல் பெட்டியின் வெள்ளிக்காசுகளோடு கலந்தால் பெரியவராலும் உடனே வேறுபடுத்த முடியாது. அதனை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால், ஈரமான தசையினூடாக மின்னோட்டம் பாய்ந்து காரத்தன்மை கொண்ட இரசாயனம் உருவாகி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண் உண்டாகும். எச்சில் வடிதல், இருமல், உணவை மறுத்தல், நெஞ்சுவலி ஆகியவை தோன்றலாம். எந்த அறிகுறியும் தோன்றாமலும் இருக்கலாம். சந்தேகம் எழுந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், ஊடுகதிர்ப் படம் எடுக்கும் வசதியுள்ள வைத்தியசாலைக்குக் குழந்தையைக் கொண்டுசெல்ல வேண்டும். ஒரு வயதைக் கடந்த குழந்தையாயின், விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாதிருப்பின், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன், மொத்தம் ஆறு தடவைக்கு மேற்படாமல், கொடுப்பது புண்ணின் கடுமையைக் குறைக்கும் என மருத்துவ வழிகாட்டல்கள் கூறுகின்றன. ஆனால் தேன் தேடுவதற்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது.

பலூன் பற்றிய எச்சரிக்கை இரு வகையானது. வெடித்த இறப்பர்த் துண்டு சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை முற்றாக அடைத்துவிடும் என்பதால், உடைந்த துண்டுகளை உடனுக்குடன் பொறுக்குவதற்கென்றே ஒருவரை நியமிக்க வேண்டும். மற்றையது வாயு தொடர்பானது. மேலெழும்பி மிதக்கும் பலூனில் ஈலியம் என்ற தீப்பற்றாத வாயுவோ, ஐதரசன் என்ற கடுமையாகத் தீப்பற்றும் வாயுவோ இருக்கலாம். ஈலியம் விலை கூடியது. ஐதரசனை எரிசோடாவையும் அலுமினியத்தையும் கொண்டு மலிவாகத் தயாரித்துவிட முடியும். இரண்டுக்கும் நிறமோ மணமோ இல்லாததால், மிதக்கும் பலூனைப் பார்த்து உள்ளிருப்பது எதுவெனக் கூற இயலாது. ஆர்மேனியாவின் தலைநகர் யெரெவானில் 2012 மே மாதத்தில் நடந்த தேர்தல் கூட்டமொன்றில் வாயு நிரப்பிய பலூன்கள் தீப்பற்றி வெடித்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். அது திறந்த வெளியில் நிகழ்ந்தது. ஒற்றை அறையும் குறுகிய இஸ்தோப்பும் அடுப்படியும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் லயத்தில், கேக்கின் மெழுகுவர்த்திக்கு மேலே ஐதரசன் பலூன் கொத்தாகத் தொங்குமாயின் விளைவு எத்தகையதாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கைப்பம்பினால் சாதாரணக் காற்றை அடைத்து நூலில் கட்டித் தொங்கவிடும் பலூனே லயத்துக்கு ஏற்றது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

வாள் விளையாட்டில் அஞ்ச வேண்டியது கண்ணைப் பற்றியே. நுனி மழுங்கிய, வளையக்கூடிய வாளை மட்டுமே அனுமதிக்க வேண்டும். கண்ணில் குத்திய குழந்தைக்குக் கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ இடம் கொடாமல், கண்ணின் மேல் கடதாசிக் கோப்பையொன்றைத் தொடாதவாறு கவிழ்த்துக் கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒற்றைக் கண்ணை மூடிய பிள்ளைக்கு ஆழத்தைக் கணிக்கும் திறன் குறைவதால், மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் இடையிலுள்ள படிகளில் கண்மூடியோடு ஓடவிடக் கூடாது. கைதியைக் கண்கட்டிப் பலகையில் நடத்தும் விளையாட்டைத் தரையில் வரைந்த கோட்டில் நடத்தலாம். கானின் மேல் பலகை போட்டு நடத்தக் கூடாது. கழுத்தில் கயிறு சுற்றும் எந்த விளையாட்டும் கூடாது. பழைய பெட்டிக்கு மீந்துபோன வண்ணம் பூசுவோர், சிறுவர் விளையாட்டுப் பொருளுக்கான வண்ணத்தில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்ற விதி 2013 முதல் நடைமுறையில் இருப்பதை அறிந்து, தகரத்தின் முகப்பில் அது குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். கிருமிநாசினி வந்த கலனையோ வாளியையோ, எத்தனை முறை கழுவினாலும், புதையல் பெட்டியாக்கக் கூடாது.

இவ்விழாவின் மையம் புதையல் வேட்டை. கடைப்பொதியோடு வரும் குறிப்புத்தாள்கள் சமதரைத் தோட்டமும் வேலியும் உள்ள வீட்டை எண்ணி எழுதப்பட்டவை; மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ அப்புத்தளையிலோ லயத்தை விட்டு இறங்கினால் தேயிலை மலை தொடங்கிவிடும். குளவி, தேனீக் கொட்டுக்கு இலக்காகும் தொழிலாளர் பற்றிய செய்திகள் மலையகத்தில் ஓயாமல் வருகின்றன. கிளையில் தொங்கும் கூட்டையும் செடியடியில் மறைந்த கூட்டையும் பழகிய தொழிலாளரே தவறவிடும் இடத்தில், கூச்சலிட்டுக்கொண்டு குச்சியால் புதரைக் கிளறும் பத்துப் பிள்ளைகளின் நிலை எளிதில் ஊகிக்கத்தக்கது. அதிர்வும் புகையும் கூட்டைக் கலைக்கும். கொட்டிய தேனீ விட்டுச்செல்லும் வாசனை ஏனைய தேனீக்களையும் அவ்விடத்துக்கே இழுப்பதால், நின்று கையை வீசாமல், தலையையும் முகத்தையும் மூடியவாறு ஓடிக் கதவடைத்த அறைக்குள் புகுவதே தற்காப்பு. உதடு வீங்குதல், மூச்சுத்திணறல், மயக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை. மழைக்காலத்தில் மண்மேட்டையும் சரிவையும் தோண்டவைப்பதும் அதே அளவு தவறு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்த மண்சரிவை அறிந்த மாவட்டம் இது. புதையலை இஸ்தோப்பிலோ, பிள்ளை மடுவத்தின் முற்றத்திலோ, பெரியவர்கள் முன்கூட்டியே நடந்து பார்த்த விளையாட்டுத் திடலிலோ மட்டும் ஒளித்துவைக்க வேண்டும்.

1990 என்ற இலக்கத்தில் இயங்கும் ‘சுவசெரிய’ நோயாளர் காவுவண்டிச் சேவை இலவசமானது. ஆயினும் தோட்டப் பாதையில் வாகனம் எதுவரை வரும், அவ்விடத்துக்குக் குழந்தையைத் தூக்கிவருபவர் யார், தோட்டத்தில் எந்த வாகனம் தயாராக உள்ளது, அருகில் இருப்பது பதுளை போதனா வைத்தியசாலையா, தியத்தலாவை ஆதார வைத்தியசாலையா என்பனவற்றை விழாவுக்கு முதல்நாளே தீர்மானித்து வைப்பது கேக்கின் நிறத்தைத் தீர்மானிப்பதை விட முக்கியமானது.

உணவைப் பொறுத்தவரை, குளிர்பானப் போத்தலில் 2016 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள சீனி அளவுக்கான நிறக் குறியீடு, எந்த மொழியும் வாசிக்கத் தெரியாதவருக்கும் பயன்படுவது. சிவப்பு வட்டம் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனியைக் குறிக்கும். பழுதான கேக், சந்தேகத்துக்குரிய சாயம் ஆகியவை பற்றி அப்பகுதியின் பொதுச் சுகாதார பரிசோதகரிடம், உணவின் மிச்சத்தை எறியாமல் வைத்துக்கொண்டு, முறையிடலாம்.

வேடிக்கை காட்டவும் படம் எடுக்கவும் வரும் வெளியாரிடம் பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது. படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை உடன்படிக்கைத் தாளில் எழுத வேண்டும். விளையாட்டின் பெயரால் ஒரு பிள்ளை கட்டிவைக்கப்படுதல், அடிக்கப்படுதல், நிறத்தையோ வறுமையையோ சுட்டி இழிவுபடுத்தப்படுதல் ஆகியவை விளையாட்டு அல்ல. சிறுவருக்கு எதிரான எத்தகைய துன்புறுத்தலையும், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் தமிழிலேயே முறையிடலாம். கொள்ளையரை வீரராகச் சித்திரிப்பதிலும் அளவு வேண்டும்: 2017 மார்ச்சில் எட்டு இலங்கை மாலுமிகளோடு ‘ஆரிஸ் 13’ என்ற கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் கடத்திச் சென்றனர், 2024 ஜனவரியில் ஆறு மீனவரோடு ஓர் இலங்கைப் படகு கடத்தப்பட்டு, பின்னர் சீஷெல்ஸ் படையினரால் மீட்கப்பட்டது. புதையலைக் கண்டெடுத்து உரியவரிடம் சேர்க்கும் மாலுமிகளாகப் பிள்ளைகளை நடிக்கவைப்பதால் விளையாட்டின் சுவை எள்ளளவும் குறையாது.

பழுதான பொருளாலோ நிறைவேற்றப்படாத சேவையாலோ இழப்பு நேர்ந்தால், முதலில் 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை அழைக்கலாம். ஆனால் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணம் மீளளிப்பு ஆகியவற்றைக் கோருவதற்கு, பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. பலர் வாய்மொழியாக வாதிட்டே இக்காலத்தைக் கடத்திவிடுகின்றனர். முறைப்பாட்டோடு பற்றுச்சீட்டின் பிரதி, வங்கிச் சிட்டை, குறுஞ்செய்திகளின் படம், பொதியின் மேலுறை, உடைந்த பொருள், காயம் ஏற்பட்டிருப்பின் வைத்தியசாலைச் சிட்டை ஆகியவற்றை இணைக்க வேண்டும். தொகை சிறிதாயின், வழக்கறிஞர் செலவின்றி மத்தியஸ்த சபையின் மூலமும் இணக்கம் காணலாம். தமிழ் அரச கரும மொழியாதலாலும், பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 நவம்பரில் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருப்பதாலும், முறைப்பாட்டைத் தமிழில் எழுதி, பதிலையும் தமிழிலேயே கேட்கலாம். சிங்களத்தில் எழுதிக்கொண்டு வருமாறு அலுவலர் எவரேனும் திருப்பி அனுப்பினால், அதனை ஏற்காமல், கையளித்ததற்கான திகதி முத்திரையைப் பிரதியில் பெற்றுக்கொள்ள வேண்டும்.