உப்புக் காற்றும் பழைய காரின் சிக்னலும்

பழைய மொறிஸ் மைனர் ஒன்றின் சிக்னல் விளக்குக்கு எல்ஈடி பல்ப் வாங்கிப் போடுபவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். பல்ப் புதிது, பற்றரியும் நல்லது. ஆனால் சுவிட்சைத் தள்ளினால் வழக்கமான ‘டிக் டிக்’ சத்தம் வராது. விளக்கு மங்கலாக எரிந்தபடியே நிற்கும், இல்லாவிட்டால் எரியவே எரியாது. பல்ப்தான் பழுது என்று கடைக்குத் திரும்பிப் போவார்கள். பழுது பல்பில் இல்லை.

மன்னாரிலும் இலங்கையின் வடபகுதி எங்கும் இத்தனை பழைய பிரித்தானியக் கார்கள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் பழமை மீதுள்ள பற்று மட்டுமல்ல. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் இங்கே வந்திறங்கிய ஒஸ்டின், மொறிஸ் வண்டிகளை 1960களிலும் 70களிலும் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடு தொடர்ந்து வீதியில் ஓட வைத்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. கொஞ்சம் பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியவை இந்த வண்டிகளே. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி மறுபடியும் நின்றது. ஏறத்தாழ 5 ஆண்டுகள் கழித்து, 2025இல்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. புது வண்டி கிடைக்காத ஒவ்வொரு காலத்திலும் பழைய வண்டியைப் பராமரிக்கும் கை தேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மொறிஸ் மைனரின் உடல் தகடுகளை இங்கேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழிற்சாலையும் இந்த நாட்டில் இருந்தது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்தது. அந்தக் காரில் கண்சிமிட்டும் சிக்னல் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து, உள்ளே சிறு விளக்கு எரியும் ஒரு கை வெளியே நீண்டு, திரும்பும் பக்கத்தைக் காட்டும். 1961 வரை வந்த மைனர்களில் இந்தக் கைதான். அதன் பிறகே கண்சிமிட்டும் விளக்குகள் பொருத்தப்பட்டன. உங்கள் வண்டியில் அந்தக் கை இன்னும் இருந்தால் தயவுசெய்து அதை வெட்டி எறியாதீர்கள். அது வேலை செய்தபடி இருக்கட்டும். பின்னால் வருபவருக்குத் தெரிவதற்கு மேலதிகமாக மஞ்சள் விளக்குகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த ‘டிக் டிக்’ விஷயத்துக்கு வருவோம். சத்தம் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய தகர டப்பாவிலிருந்து வருகிறது. பிளாஷர் என்பது அதுதான். லூக்காஸ் கம்பனியின் எஃப்எல்5 பல பிரித்தானியக் கார்களில் இருந்த வகை. உள்ளே எலக்ட்ரோனிக் எதுவுமில்லை. விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. சுவிட்சைத் தள்ளியதும் மின்சாரம் முதலில் அந்தக் கம்பி வழியாகப் போகிறது. கம்பி சூடேறி நீள்கிறது, இழுப்புத் தளர்கிறது, தொடுகை ஒட்டிக்கொள்கிறது, பல்ப் முழு வெளிச்சத்தில் எரிகிறது. இப்போது கம்பியில் மின்சாரம் போகாததால் அது ஆறிச் சுருங்கித் தொடுகையை இழுத்துப் பிரிக்கிறது. விளக்கு அணைகிறது. மறுபடி சூடு, மறுபடி நீட்சி.

இந்தக் கம்பி 42 வொட் சுமைக்கு அளந்து வைக்கப்பட்டது. முன்னால் ஒரு 21 வொட் பல்ப், பின்னால் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றரை அம்பியர் இழுத்தால்தான் கம்பி சூடேறும். எல்ஈடி பல்ப் இழுப்பது இரண்டு மூன்று வொட். அந்த மின்சாரத்தில் கம்பி வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. பிந்திய கார்களில் சிக்னல் படபடவென்று வேகமாக அடிக்கும். அங்கே பிளாஷர் சுமை குறைந்ததைக் கண்டு, பல்ப் போய்விட்டது என்று ஓட்டுநருக்குச் சொல்கிறது.

இதற்குச் சந்தையில் கிடைக்கும் மலிவான மருந்து 50 வொட், 6 ஓம் தடையி. பல்புக்குப் பக்கத்தில் இதைக் கோர்த்தால் பழைய பிளாஷர் ஏமாந்து அடிக்கத் தொடங்கும். ஆனால் 12 வோல்றில் அந்தத் தடையி தானே 24 வொட்டைச் சூடாக்கி வீணடிக்கிறது. மிச்சம்பிடித்த மின்சாரம் அத்தனையும் போயிற்று. துணி சுற்றிய பழைய வயர்களுக்குப் பக்கத்தில் கையைச் சுடும் ஒரு பொருளைக் கட்டி வைப்பது ஆபத்தும்கூட. பழைய காரில் தடையியைப் போடவே கூடாது. சுமையைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் எண்ணும் எலக்ட்ரோனிக் பிளாஷரைப் போடுவதே சரியான வழி. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை அடிப்பது உலக வழக்கம்.

அதை வாங்குமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஒஸ்டின், மொறிஸ் வண்டிகளில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருந்தது. இன்றைய கார்களில் எதிர்முனை. கம்பி பல்புக்கு முனை எதுவானாலும் ஒன்றுதான், எல்ஈடிக்கு அப்படியல்ல. மின்சாரம் ஒரு திசையில் போனால் மட்டுமே அது எரியும். சாதாரண எலக்ட்ரோனிக் பிளாஷரை நேர்முனை உடலோடு இணைந்த, அதாவது நேர்முனை எர்த் வண்டியில் மாட்டினால் அது வேலை செய்யாது, பழுதாகவும் கூடும். இதற்கிடையில், கசெற் ரேடியோ பூட்டும்போதோ ஜப்பானிய எஞ்சின் ஏற்றும்போதோ பல வண்டிகள் எதிர்முனைக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஆகவே புத்தகத்தை நம்பாமல் பொனற்றைத் திறந்து, பற்றரியின் எந்த முனை உடலில் பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதே நல்லது. நேர்முனை எர்த்துக்கென்றே செய்த பிளாஷரும், எந்தத் திசையிலும் எரியும் எல்ஈடியும் கிடைக்கின்றன.

மன்னாரில் இதைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. தீவின் எந்த மூலையில் காரை நிறுத்தினாலும் கடற்காற்று அதைத் தேடி வரும். தலைமன்னாரிலிருந்து பேசாலை, மன்னார் நகர் தாண்டிப் பெருநிலத்துக்குப் போகும் பாலம் வரை, வழி நெடுகக் கடல் தூரத்தில் இல்லை. பழைய காரின் சிக்னல் விளக்குக்கு ஒரு வயர்தான் வரும். மின்சாரம் திரும்பிப் போகும் பாதை காரின் உடல். விளக்குக் கூடு மட்காட்டில் தொட்டு, மட்காட் ஆணி வழியாக உடலைத் தொட்டு, அங்கிருந்து பற்றரிக்குப் போக வேண்டும். அந்த ஆணிகளில் கறள், ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு. வயரிங் செய்பவர்கள் ‘எர்த் இல்லை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பழுது இதுதான்.

களிம்பு பிடித்த இடத்தில் 1 ஓம் தடை ஏற்பட்டாலே போதும். 21 வொட் பல்புக்குப் போகும் மின்னழுத்தம் 12இலிருந்து பத்தரை வோல்ற் அளவுக்கு இறங்கும். கம்பி பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தை விடப் பலமடங்கு வேகமாகக் குறையும், ஆகையால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போகும். எல்ஈடி இழுப்பது கால் அம்பியரிலும் குறைவு என்பதால் அதே 1 ஓம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. கடற்கரை ஊருக்கு எல்ஈடி பொருந்துவதற்கு உண்மையான காரணம் இதுவே. அதற்காக எர்த்தைக் கவனியாமல் விட்டால் வேறு தொல்லை வரும். மின்சாரம் வேறு வழி தேடி, பிரேக்கை மிதித்தால் சிக்னலும் மங்கலாக மினுங்கும். ஒவ்வொரு விளக்குக் கூட்டிலிருந்தும் தனி எர்த் வயர் இழுத்து உடலின் சுத்தமான இடத்தில் பூட்டி, கிறீஸ் பூசுவது அரைநாள் வேலை. அதை முதலில் செய்ய வேண்டும்.

மின்சார மிச்சமும் சின்ன விஷயமல்ல. மைனரில் இருந்த டைனமோ தரக்கூடியது அதிகபட்சம் 22 அம்பியர் அளவு, அதுவும் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது. சந்தியில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. மாரி இரவில் ஹெட்லைட்டுக்கு ஏழரை, பக்க விளக்குகளுக்கு இரண்டு, இக்னிஷன் கொயிலுக்கு மூன்று நான்கு, வைப்பருக்கு இரண்டு மூன்று, பிரேக் விளக்குக்கு மூன்றரை, சிக்னலுக்கு மூன்றரை என்று கூட்டிப் பாருங்கள். டைனமோவின் எல்லைக்கே வந்துவிடுகிறது. பின் விளக்குகளையும் சிக்னலையும் எல்ஈடி ஆக்கினால் ஏழு எட்டு அம்பியர் பற்றரிக்கு மிஞ்சும்.

இன்னொரு நன்மை வேகம். கம்பி பல்ப் முழுதாக எரிய ஏறத்தாழ 0.2 செக்கன் எடுக்கும். எல்ஈடி உடனே எரியும். 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பின் வண்டி அந்த நேரத்தில் மூன்று மீற்றருக்கு மேல் ஓடிவிடும். வீதியில் கழுதைகள் இரவும் பகலும் நடமாடும் மன்னாரில், திடீரென்று பிரேக் அடித்து ஒதுங்க வேண்டியவருக்கு அந்த மூன்று மீற்றர் பெரிது.

பல்ப் வாங்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சள் கண்ணாடிக்குள் வெள்ளை எல்ஈடி போட்டால் சிக்னல் வெளிறித் தெரியும். மஞ்சளுக்குள் மஞ்சள், சிவப்புக்குள் சிவப்பு என்பதே சரி. முன்பக்கம் மட்டும் ஒளி வீசும் மலிவான பல்பைத் தவிர்த்து, பக்கவாட்டிலும் ஒளி தந்து விளக்குக் கூட்டின் பிரதிபலிப்பானை நிரப்புவதை எடுக்க வேண்டும். பழைய ரெகுலேற்றரில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் 10 முதல் 30 வோல்ற் வரை தாங்கும் பல்பே நீடிக்கும். மாட்டியபின் மன்னாரின் உச்சி வெயிலில் முப்பது அடி தள்ளி நின்று, பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துத் திருப்திப்பட வேண்டும். வேறு நிறங்களும் மின்னும் அலங்கார விளக்குகளும் வேண்டாம். 2025 தை மாதத்தில் பொலிஸார் நாடெங்கும் வாகனங்களில் அனுமதியின்றிப் பூட்டிய விளக்குகளைக் கழற்றும் நடவடிக்கையில் இறங்கினார்கள்.

வயர் நிறங்களும் தெரிந்திருப்பது உதவும். லூக்காஸ் முறையில் பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்கச் சிக்னல், பச்சையில் வெள்ளைக் கோடு வலப்பக்கம். வயதேறிய வயரில் நிறம் மங்கியிருக்கும். துணியைக் கொஞ்சம் விலக்கினால் உள்ளே தெரியும். மைனரில் இருப்பது இரண்டே 35 அம்பியர் பியூஸ்கள். எல்ஈடி சிக்னலுக்கு அது மிகவும் பெரிது. பிளாஷருக்கு முன்னால் 5 அம்பியர் பியூஸ் ஒன்றைத் தனியாகச் சேர்த்தால் வயர் எரியாமல் தப்பும். கழற்றிய எஃப்எல்5 டப்பாவையும் பல்புகளையும் எறிந்துவிடாமல் ஒரு பையில் கட்டிக் காருக்குள்ளேயே வைத்திருங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்குபவருக்கு அவை தேவைப்படும்.

மன்னார்க் கரையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் நான்கு சிக்னல் விளக்குகளையும் கழற்றி, எர்த் தொடுகைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடுங்கள். பிளாஷரை அடுத்து மாற்றுங்கள். எல்ஈடி பல்பைக் கடைசியாக வாங்கினால் போதும்.