டர்போ காருக்குப் புது ஹெடர்: பணம் கட்டும் முன் காரின் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் பலருக்கும் அப்கிரேட் ஆசை வந்துவிடும். கூடுதல் ராம், புதிய கிராபிக்ஸ் கார்ட், பெரிய கூலர் எனப் பட்டியல் போடத் தொடங்குவோம். டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆசை வருகிறது. அவர்களில் பலர் முதலில் விசாரிப்பது ஹெடர் எனப்படும் புகைக்குழாய் தொகுப்பைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் இதழில் இது எதற்கு என எண்ண வேண்டாம். இன்றைய டர்போ காரின் என்ஜினுக்குக் கட்டளை இடுவது ஒரு கம்ப்யூட்டர். ஹெடரால் பயன் உண்டா இல்லையா என்பதையும் அந்தக் கம்ப்யூட்டரிடமே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். அதற்கு உங்கள் மொபைல் போனும் வீட்டுக் கம்ப்யூட்டரும் போதும்.

ஹெடர் என்பது என்ன?

திருச்சிக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. 1965ல் தொடங்கப்பட்ட திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஒருவராவது நம் தெருவில் இருப்பார். பாய்லரில் பல குழாய்கள் வந்து சேரும் பெரிய குழாய்க்கு ஹெடர் என்றுதான் பெயர். காரிலும் அதே வேலைதான். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் எரிந்த புகையை வாங்கி ஒரே வழியில் அனுப்புகிறது. கம்பெனியில் இதைக் கனமான வார்ப்பு இரும்பில் செய்து பொருத்துகிறார்கள். வெளியில் தனியாக விற்கப்படுவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களை வளைத்து வெல்டிங் செய்தது. உள்ளே வழவழப்பாகவும் வளைவுகள் குறைவாகவும் இருப்பதால் புகை தடையின்றி வெளியேறும்.

டர்போ இல்லாத காரில் விஷயம் இதோடு முடிந்துவிடும். டர்போ காரில் அந்தப் புகைக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அது ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள மறு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் இந்தச் சக்கரத்திற்குப் புகையின் வேகமும் வெப்பமும்தான் உணவு. நல்ல ஹெடர் இருந்தால் டர்போ சற்று முன்னதாகவே வேகம் பிடிக்கும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காரின் புகழ்பெற்ற உறுமல் சத்தத்திற்கும் அதன் ஹெடர் குழாய்கள் சமநீளத்தில் இல்லாததுதான் காரணம். சமநீள ஹெடர் போட்டால் அந்த உறுமல் போய்விடும்.

வெல்டிங் சரியில்லை என்றால் பலன் தலைகீழாகும். பெட்ரோல் டர்போ என்ஜினின் புகை 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். மெல்லிய குழாய் விரிந்து சுருங்கி, வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டால், டர்போவைச் சுழற்ற வேண்டிய அழுத்தம் வெளியே கசிந்துவிடும்.

முடிவு எடுப்பது ஈசியு

கம்ப்யூட்டரில் பெரிய கூலரைப் பொருத்துகிறீர்கள். பிராசசரின் வேகம் தானாகக் கூடிவிடுமா? கூடாது. வேகத்தைக் கூட்ட இடம் கிடைக்கும், அவ்வளவுதான். கூட்ட வேண்டும் என்றால் பயாஸ் செட்டிங்கை மாற்ற வேண்டும். ஹெடரும் அந்தக் கூலர் போலத்தான். ஈசியு என்ற கம்ப்யூட்டர்தான் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, டர்போ அழுத்தம் எவ்வளவு என முடிவு செய்கிறது. இந்த அளவு இழுவை போதும் என அதில் ஓர் இலக்கு எழுதப்பட்டிருக்கும். புகை எளிதாக வெளியேறி டர்போ அதிகமாகச் சுழன்றால், ஈசியு ஒரு வால்வைத் திறந்து உபரிப் புகையை டர்போவைச் சுற்றி அனுப்பிவிடும். ஆகவே ஈசியுவில் உள்ள மேப்பை மாற்றாமல் ஹெடரை மட்டும் மாற்றினால் சத்தம் கூடுவது தெரியும். உச்ச இழுவை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் காரில் ஹெடர் இருக்கிறதா?

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அக்கா மகன் 1.0 டிஎஸ்ஐ என்ஜின் கொண்ட கார் வைத்திருக்கிறான். "மாமா, ஹெடர் போட அட்வான்ஸ் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?" என்று கேட்டான். நான் பார்க்கச் சொன்னது ஒன்றைத்தான். போக்ஸ்வாகன் வெர்டஸ், ஸ்கோடா ஸ்லேவியா போன்ற கார்களில் உள்ள இந்த என்ஜினில், புகை சேரும் பகுதி சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றிக் குளிர்விக்கும் நீரும் ஓடுகிறது. கழற்றி மாற்றத் தனி ஹெடரே கிடையாது. கடையில் ஹெடர் என்று காட்டியது, டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப். அதிலும் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டர் இல்லை. லேப்டாப் வாங்கும்போது ராம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதா என்று பார்ப்பதுபோல, இதையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டரில் பார்ப்பது எப்படி?

அட்வான்ஸ் கொடுக்கும் முன் காரைச் சோதித்துவிடலாம் என்று அவனிடம் சொன்னேன். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் பிஎஸ் 4 கார்களில் ஓபிடி 2 என்ற வசதி கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின்கள் கொண்ட சாக்கெட் இருக்கும்.

1. எல்ம் 327 வகை அடாப்டர் ஒன்று வாங்கவும். ஆண்ட்ராய்ட் போனுக்குப் புளூடூத் அடாப்டர் போதும். ஐபோன் என்றால் வைபை அல்லது புளூடூத் எல்ஈ என்று குறிப்பிட்ட அடாப்டரையே கேட்டு வாங்கவும்.

2. அடாப்டரைச் சாக்கெட்டில் செருகி, இக்னிஷனை ஆன் செய்து, போனுடன் பேர் செய்திடவும். பாஸ்வேர்ட் கேட்டால் பெரும்பாலும் 1234 என்பதாக இருக்கும்.

3. டார்க் புரோ, கார் ஸ்கேனர் போன்ற புரோகிராம்களில் ஒன்றை ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் இன்ஸ்டால் செய்திடவும். அடாப்டருடன் வரும் சிடியில் உள்ள பைல்களையும், இலவச ஈசியு மேப் என்று வரும் பைல்களையும் திறக்க வேண்டாம். முதலாவதில் வைரஸ் இருக்கலாம். இரண்டாவது என்ஜினையே பதம் பார்க்கலாம்.

4. என்ஜின் வேகம், மேனிபோல்ட் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, இக்னிஷன் டைமிங், ப்யூயல் டிரிம் ஆகிய ஐந்தையும் தேர்ந்தெடுத்து லாகிங்கை ஆன் செய்திடவும்.

5. ஒருவர் ஓட்ட, மற்றவர் போனைக் கவனிக்க வேண்டும். மாம்பழச்சாலை வழியாகக் காவிரிப் பாலத்தைக் கடந்து சத்திரம் பேருந்து நிலையம் வரை ஒரு பதிவு. காலியாக உள்ள நேரத்தில் சென்னை நெடுஞ்சாலையில், வேக வரம்புக்குள், இன்னொரு பதிவு.

6. பதிவான சிஎஸ்வி பைலை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் மூலம் திறக்கவும். நெட்டுவரிசைகளைத் தேர்வு செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் கிளிக் செய்தால் வரைபடம் கிடைக்கும்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். விட்டு வைத்தால் பேட்டரி தீரும். 1234 தெரிந்த எவரும் இணையவும் முடியும்.

எண்கள் சொல்வது என்ன?

மேனிபோல்ட் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கலுக்கு மேல் போனால்தான் டர்போ வேலை செய்கிறது என்று பொருள். நகரப் பதிவில் அந்தக் கோட்டைக் கார் எத்தனை முறை தாண்டியது என்று எண்ணிப் பாருங்கள். பாலத்திலும் சித்திரை வீதியிலும் ஊர்ந்து போகும் காருக்கு ஹெடர் எந்த உதவியும் செய்யாது. அடுத்து வெப்பநிலை. திருச்சியின் சித்திரை வெயிலில் நெரிசலில் நின்றால் உள்ளே வரும் காற்று கொதிக்கும். அதைக் காக்க ஈசியு டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். வரைபடத்தில் ஒரு கோடு ஏற, மறு கோடு இறங்குவதைப் பார்க்கலாம். இழுவை குறைவது பெரும்பாலும் இதனால்தான். புகைக்குழாயை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. ப்யூயல் டிரிம் பூஜ்யத்திற்கு மேலும் கீழும் 10 சதவீதத்திற்குள் இருந்தால் நல்லது.

ஹெடர் பொருத்திய பிறகு அதே சாலையில், அதே வெயில் நேரத்தில் மறுபடி பதிவு செய்து ஒப்பிடுங்கள். பி 0299 என்ற கோட் வந்தால் டர்போ அழுத்தம் குறைகிறது, கசிவைத் தேடவும். பி 0420 வந்தால் கேடலிடிக் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை அல்லது அங்கே அது இல்லவே இல்லை. கோடை அழித்துவிடலாம் என நினைக்காதீர்கள். சில பயணங்களில் ஈசியு அதை மீண்டும் எழுதிவிடும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து சென்ற வழக்கில், உற்பத்தியாளர் தந்த அசல் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், ஒலி மற்றும் புகை வரம்பை மீறினால் முதல் முறையே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என விதித்தது. வாரண்டியும் இன்சூரன்சும் சிக்கலாகலாம். ஸ்ரீரங்கம் போன்ற மதில் சூழ்ந்த தெருக்களில் அந்தச் சத்தம் எத்தனை வீட்டுத் திண்ணைக்குக் கேட்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். இத்தகைய மாற்றங்கள் செய்த காருக்கு உரிய இடம் இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தளங்கள்தான்.

எங்கள் பதிவுகளைப் பார்த்தபின் அக்கா மகன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. நல்ல டயர், புதிய பிரேக் பேட், சுத்தமான ஏர் பில்டர் என்று அவன் பட்டியல் மாறியது. நீங்களும் முதலில் அடாப்டரை வாங்கி ஒரு வாரம் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் ஹெடர் தேவை என்று எண்கள் சொன்னால், கேடலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றாத, மேப் மாற்றத்தையும் பொறுப்பேற்றுச் செய்து தரும் கடையை மட்டும் அணுகுங்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.