பட்டம் பாராத செடி

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் குடியானவர்கள் சொல்லிவைத்தது மழையை எண்ணி மட்டும் அன்று. காவிரிப் பாசனத்தில் முன்னாளில் பயிரிட்ட நெடுநாள் சம்பா வகைகளை ஒருவர் ஆடியிலேயே நாற்றுவிட்டாலும், அவருடைய பங்காளி இருபது நாள் பின்தங்கி விதைத்தாலும், பகல் குறுகிய பிறகு இருவர் வயலும் ஏறக்குறைய ஒரே சமயத்திலேதான் கதிர் வாங்கும். தஞ்சாவூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மிகுதி, அவ்வளவே. அந்த அற்ப வித்தியாசத்தைப் புல் சாதியைச் சேர்ந்த ஒரு பயிர் கண்டறிந்து அதன்படி ஒழுகுகிறது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து வெளிவந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல் வகைகள் பகலின் நீளத்தைப் பெரிதாக மதியாமல் தம் வயதையே கணக்கிட்டு விளைந்தமையால் அல்லவா ஒரே வயலில் இருபோகமும் முப்போகமும் சாத்தியமாயின!

நெல்லுக்கு நேர்ந்த இந்த மாறுதல் இப்போது கஞ்சாச் செடிக்கும் நேர்ந்திருக்கிறது. ஐரோப்பாவில், விசேஷமாக ஜெர்மனியில், அடுக்குமாடி வீடுகளின் அலமாரி மூலைகளில் விளக்கொளியிலே வளர்க்கப்படும் 'ஆட்டோ' என்னும் வகை, பட்டம் பாராமல் பூக்கும் கஞ்சாவேயாகும். அதனைப் புகைப்பது நன்றா தீதா என்னும் விவாதத்தில் இறங்க எனக்கு விருப்பம் இல்லை. செடியின் சரித்திரமே போதிய சுவையுடையது.

செடிகள் பகலிரவின் நீளத்தை அளந்து பூக்கின்றன என்னும் உண்மை உலகுக்கு முதன்முதலில் புலப்படத் தொடங்கியதே கஞ்சாச் செடியிடமிருந்துதான் என்பதைப் பலர் அறியார். பாரிஸ் நகரத்தில் ஆராய்ச்சி செய்துவந்த ஜூலியன் தூர்நுவா என்பவர், குளிர்காலத்தில் கண்ணாடி மனைக்குள் விதைத்த கஞ்சா நாற்றுகள், சில இலைகளே விட்ட பருவத்தில், பால் மணம் மாறாத குழந்தைக்கு மணக்கோலம் பூட்டியதுபோல் பூத்து நிற்பதைக் கண்டார். வெப்பமோ உரமோ அதற்குக் காரணம் அன்று. பகல் குறுகியதைக் காட்டிலும் இரவு நீண்டதே காரணம் என்று 1914-இல் அவர் எழுதினார். எழுதிய அந்த ஆண்டிலேயே மூண்ட உலக யுத்தம் அவரைப் பலிகொண்டது. அவருடைய கருத்தைப் பின்தொடர்வார் ஒருவரும் உடனே இல்லாமற் போயினர்.

பிறகு அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவர், கோடை முழுவதும் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் ஓங்கி வளரும் ஒரு புகையிலை வகையோடு மல்லாடிக்கொண்டிருந்தனர். 1918-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு சிறிய இருட்டுக் கொட்டகையை எழுப்பி, மாலை நான்கு மணிக்குத் தொட்டிகளை அதனுள்ளே வைப்பதும் காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுப்பதுமாகச் சில வாரங்கள் செய்துவர, வெளியே நின்ற செடிகள் பூக்காதிருக்க, கொட்டகைச் செடிகள் பூத்தன. அவர்கள் 1920-இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு அஸ்திவாரம். 1938-இல் ஹாம்னர், பானர் என்னும் இருவர் நம் ஊர்ப் புறம்போக்குகளிலும் காணப்படும் மருளூமத்தையைக் கொண்டு பரிசோதனை செய்து, நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினாலே பூப்பது தடைப்படும் என்று நிரூபித்தபோது, தூர்நுவா சொன்னது மெய்யாயிற்று. செடி எண்ணுவது பகலை அன்று; இடையறாத இருளை.

ஆகவேதான் பரம்பரையான கஞ்சா வகைகளை வீட்டினுள் வளர்ப்பவர் விளக்கை ஒரு கடிவாளம்போல் பிரயோகிக்கிறார். நாளொன்றுக்கு 18 மணி நேரம் ஒளி கொடுத்துக்கொண்டிருக்கும் வரையில் செடி இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். 12 மணி ஒளி, 12 மணி இருள் என்று மாற்றிய பிறகே பூவெடுக்கும். அந்தப் பன்னிரண்டு மணி இருளில் கதவிடுக்கின் வழியே தெருவிளக்கு ஒளி கசிந்தால்கூடச் செடி தடுமாறிப்போகும்.

இனி, பட்டம் பாராத குணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லின்னேயஸ் 1753-இல் கஞ்சாவுக்கு ஸடைவா என்று பெயரிட்டார். இந்தியாவிலிருந்து சென்ற செடிகளைக் கண்ட லமார்க் 1785-இல் இண்டிகா என்று வேறொரு இனத்தைப் பிரித்தார். ஸராதவ் நகரத்தில் பணியாற்றிய ஜானிஷெவ்ஸ்கி என்னும் ருஷ்யத் தாவர சாஸ்திரி, தென்கிழக்கு ருஷ்யாவில் பாதையோரங்களிலும் இடிபாடுகளிலும் தானாக முளைத்துக் கிடந்த ஒரு குட்டைச் செடியை 1924-இல் ருடராலிஸ் என்று வர்ணித்தார். இடிபாடு என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அதனைத் தனி இனமாகக் கொள்வதா கூடாதா என்று தாவர சாஸ்திரிகள் இன்னும் ஒருமனப்படவில்லை. அப்பிரதேசத்தில் கோடைப் பகல் பதினாறு மணிக்கு மேல் நீளும், கோடையோ குறுகியது. இரவு நீளட்டும் என்று காத்திருக்கும் செடியின் விதை முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். காத்திராமல், முளைத்த சில வாரங்களில் பூத்துக் காய்த்து முடித்த செடிகளே வம்சம் வளர்த்தன. சூரியனைக் கேளாமல் பூக்கும் சுபாவம் இவ்வாறு வடதிசைக் குளிர் தந்த வரம்.

ருடராலிஸுக்கு இலாகிரி சத்து மிகவும் சொற்பம். ஆகையால் வெகுகாலம் அதனை யாரும் மதிக்கவில்லை. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், 'ஜாயின்ட் டாக்டர்' என்னும் புனைபெயருடைய ஒருவர் அதன் வழிவந்த செடியைச் சத்துமிக்க வகைகளோடு கலந்து 'லோரைடர்' என்னும் வித்தைச் சந்தைக்குக் கொணர்ந்தார். பட்டம் பாராத அக்குணம் ஒடுங்கு குணமாதலால், கலப்பின் முதல் தலைமுறையில் மறைந்து, பேரப்பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கே வெளிப்படும். அவற்றைப் பொறுக்கியெடுத்துத் திரும்பத் திரும்பக் கலந்ததன் பலனே இன்றைய ஆட்டோ விதைகள்.

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல், பதினெட்டு வயது நிரம்பியவர் தம் வீட்டில் ஒரே சமயத்தில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை சொந்த உபயோகத்துக்கு வளர்க்கலாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் காக்க வேண்டும். விளைந்ததைப் பிறருக்குக் கொடுத்தல் கூடாது. அந்நாட்டில் வாழும் நம்மவர் ஒரு விஷயத்தை மறக்கலாகாது: அந்த உரிமை எல்லையைத் தாண்டி வராது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரேயொரு செடி வளர்த்தாலும் பத்தாண்டு வரை கடுங்காவலும் லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு.

முதன்முறை வளர்க்கும் ஜெர்மானியர் ஆட்டோவை நாடுவதற்குக் காரணம் எளிது. விளக்கை மாற்ற வேண்டியதில்லை. விதைத்த நாள் முதல் அறுவடை வரை 18 மணி ஒளி. உட்புறம் வெள்ளி மினுக்கும் துணிக்கூடாரம், 100 வாட் எல்.இ.டி. விளக்கு, வாடையை அடக்கக் கரி வடிகட்டி பூட்டிய ஒரு விசிறி, பத்து முதல் பதினைந்து லிட்டர் கொள்ளும் தொட்டி, பொலபொலவென்ற மண், உபகரணம் இவ்வளவே. விளக்கு நாளொன்றுக்கு 1.8 யூனிட் மின்சாரம் உண்ணும். 75 நாளில் 135 யூனிட். அறையில் 20 முதல் 26 டிகிரி வெப்பம் இருந்தால் செடி சௌக்கியமாக இருக்கும்.

ஆனால் இந்த எளிமைக்குள்ளே ஒரு கண்டிப்பு ஒளிந்திருக்கிறது. அனுபவமில்லாதவர் சறுக்குவது அங்கேதான். பழைய வகையில் நாற்று வாடினாலும், உரம் மிகுந்து இலை கருகினாலும், வளர்ப்பவர் 18 மணி விளக்கைத் தொடர்ந்து எரித்து, செடி தேறிய பிறகு பூவுக்கு விடலாம். அவசரம் ஒன்றும் இல்லை. ஆட்டோவுக்கோ விதை முளைத்த அன்றே நாள் எண்ணப்படுகிறது. மூன்றாவது நாலாவது வாரத்தில், செடி முழங்கால் உயரம் இருந்தாலும் சாண் உயரம் இருந்தாலும், கணுக்களில் வெண்மயிர் இரண்டிரண்டாக நீட்டிக்கொண்டு பெண்பூ தலைகாட்டிவிடும். முதல் வாரத்தில் நேர்ந்த பிழையைத் திருத்த அதற்கு அவகாசம் கிடையாது.

எனவே விவரம் தெரிந்தவர்கள் நாற்றைப் பிடுங்கி வேறு தொட்டியில் நடுவதில்லை. கடைசிவரை இருக்கப்போகும் தொட்டியிலேயே விதையை ஊன்றுகின்றனர். நுனியைக் கிள்ளிக் கிளை பரப்பும் வித்தையைக்கூடப் பலர் தவிர்த்து, கிளைகளை மெல்ல வளைத்துக் கட்டுவதோடு நிற்கின்றனர். உரத்தைப் புட்டியில் குறித்த அளவில் பாதிக்கு மேல் தொடக்கத்தில் ஊற்றுவதில்லை. எல்லாவற்றிலும் பெரிய சத்துரு, அன்பு மிகுந்த கை சாய்க்கும் பூவாளி. சுண்டுவிரல் உயர நாற்றைச் சுற்றி, பெரிய தொட்டி நிறைய நீரை ஊற்றிவிட்டால், வேர் மூச்சுத் திணறி, இலைகள் கனத்துத் தொங்கும். வளர்ப்பவரோ அதைத் தாகம் என்று எண்ணி இன்னொரு செம்பு ஊற்றுவார். இதற்குக் கருவி வேண்டியதில்லை: தொட்டியைக் கையால் சற்றே தூக்கிப் பார்த்து, காய்ந்தபோது எவ்வளவு கனம், நனைந்தபோது எவ்வளவு கனம் என்று கை பழகிக்கொண்டால் போதும்.

எட்டாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் பூங்கொத்து முற்றும். நகை வியாபாரி கண்ணில் இடுக்கும் பூதக்கண்ணாடி போன்ற ஒன்றை வைத்துப் பார்த்தால், பூவின் மேல் தலை பருத்த குண்டூசிகளைச் செருகிவைத்தாற்போன்று பிசின் சுரக்கும் ரோமங்கள் தென்படும். கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் பருவம் ஆகவில்லை. பால்போல் மங்கினால் பருவம். தேன் நிறம் பரவினால் பருவம் கடந்துகொண்டிருக்கிறது. வெட்டிய கிளைகளை இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, காம்பு ஒடிக்கையில் சொடுக்கென்று ஓசை கேட்கும்வரை பத்துப் பதினைந்து நாள் உலர்த்துவார்கள். அப்போது சமையலறைத் தராசு வெளியே வருகிறது. மூன்று செடி வளர்க்க அனுமதித்த அதே சட்டம், உலர்ந்த நிலையில் 50 கிராமுக்கு மேல் வீட்டில் வைத்திருக்கலாகாது என்கிறது. கைராசிக்காரர் ஒருவரின் ஒற்றைச் செடியே அவ்வெல்லையைத் தாண்டிவிடக்கூடும். விளைச்சல் பெருகப் பெருகத் தோட்டக்காரர் குற்றத்தை நெருங்குகிறார் என்பது சட்டம் வகுத்தவர்களுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்!

நன்றாக விளைந்த செடியிலிருந்து ஒரு போத்தை வெட்டி நட்டு, அதனையே மறுபடி வளர்க்கலாம் என்னும் ஆசை இங்கே யாருக்கும் எழுவது இயற்கை; செம்பருத்தியையும் முருங்கையையும் நாம் அப்படித்தானே பெருக்குகிறோம். பழைய கஞ்சா வகைகளில் அது நடக்கும். ஒரு தாய்ச்செடியை விளக்கொளியில் பூக்கவிடாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து போத்துகள் எடுப்பவர்கள் உண்டு. ஆட்டோவிலும் போத்து வேர் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தாயின் வயதையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறது; இரண்டு மூன்று இலைகளோடு, விரல் உயரத்தில், 18 மணி விளக்கின் கீழேயே பூத்து, தாய் முற்றும் நாளில் தானும் முற்றி நிற்கிறது.