ஃபெசென்ஜான்

ஃபெசென்ஜான் என்பது மாதுளைச் சாறும் அக்ரூட் (வால்நட்) பருப்பும் சேர்த்து, வாத்து அல்லது கோழி இறைச்சியுடன் சமைக்கப்படும் ஈரானியக் குழம்பு ஆகும். காஸ்பியன் கடலின் தென்மேற்குக் கரையில் அமைந்த கிலான் மாகாணத்தின் சமையலோடு இது நெருங்கிய தொடர்புடையது. இன்று ஈரான் முழுவதும் விருந்துகளில் பரிமாறப்படுகிறது. தமிழ்நாட்டுக் குழம்பில் புளி செய்யும் வேலையை இதில் மாதுளை செய்கிறது.

பருவமும் பொருள்களும்

ஈரானில் அக்ரூட்டும் மாதுளையும் இலையுதிர்காலத்தில் அறுவடைக்கு வருகின்றன. அதே பருவத்தில், வடக்கின் குளிரிலிருந்து தப்பி வரும் காட்டு வாத்துகள் கிலானிலுள்ள அன்சலி சதுப்புநிலத்தை வந்தடைகின்றன. இவ்வாறு ஒரே பருவத்தில் கிடைக்கும் மூன்று பொருள்களே இக்குழம்பின் அடிப்படை. மாதுளைச் சாற்றைப் பாகு பதம் வரும்வரை காய்ச்சி, "ரோபே அனார்" என்ற பெயரில் ஆண்டு முழுவதும் பயன்படுத்துவதும் உண்டு.

சமைக்கும் முறை

நான்கு பேருக்குச் சுமார் 250 கிராம் அக்ரூட் பருப்பு, முக்கால் கிலோ இறைச்சி, ஒரு பெரிய வெங்காயம், அரைக் கோப்பை மாதுளைப் பாகு ஆகியவை போதும். மஞ்சள்தூளும் உப்பும் தவிர வேறு மசாலா அதிகம் தேவையில்லை.

பருப்பை லேசாக வறுத்து நைசாக அரைக்க வேண்டும். பிறகு மூன்று கோப்பை நீரில் கலந்து, மிகக் குறைந்த தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். அடிப்பிடித்தால் குழம்பு முழுவதும் கசந்துவிடும். எனவே அடிக்கடி கிளறுவது அவசியம். வெங்காயத்தை வதக்கி, அதே எண்ணெயில் இறைச்சியைச் சிவக்க வறுத்து, இரண்டையும் மாதுளைப் பாகுடன் குழம்பில் சேர்க்க வேண்டும். மேலும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் வேகவிட வேண்டும்.

அக்ரூட் பருப்பில் ஏறத்தாழ 65 விழுக்காடு கொழுப்பு உள்ளது. நீண்ட நேரம் வேகும்போது இந்த எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். குழம்பு கெட்டியாகி, கரும்பழுப்பு நிறம் அடைந்து, எண்ணெய் மிதப்பதே சரியான பதம். அவசரப்பட்டு இறக்கினால் அரைத்த பருப்பின் பச்சை வாடை போகாது. பழைய பருப்பில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் என்பதால், புதிய அறுவடைப் பருப்பே சிறந்தது.

நிறமும் சுவையும்

கிலானில் குழம்பு கருமையடைய ஓர் இரும்புத் துண்டைப் போட்டுக் கொதிக்கவிடும் வழக்கம் இருந்துள்ளது. மாதுளையிலும் அக்ரூட்டிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டானின், இரும்புடன் வினைபுரிந்து கருநிறம் தருகிறது. கலம்காரி ஓவியத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கருப்பு நிறம் தருவதும் இதே வேதிவினையால்தான்.

கிலான் மக்கள் இதைப் புளிப்பாகவே விரும்புகின்றனர். பிற பகுதிகளில் சர்க்கரை சேர்த்து இனிப்புத் தூக்கலாகச் சமைப்பதுண்டு. இலையுதிர்காலத்தின் கடைசி இரவான யல்தா இரவின் விருந்திலும் பல வீடுகளில் ஃபெசென்ஜான் இடம்பெறுகிறது. இதை வெள்ளைச் சோற்றுடன் உண்பர்.

இன்றைய நிலை

இன்று பெரும்பாலான வீடுகளில் கோழி இறைச்சியே பயன்படுகிறது. காட்டு வாத்துகளின் புகலிடமான அன்சலி சதுப்புநிலம் 1975-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வண்டல் படிவு, கழிவுநீர், அயல் நீர்த்தாவரங்களின் பெருக்கம் ஆகியவற்றால் அது பாதிப்புக்கு உள்ளாகியுள்ளது. சூழலியல் மாற்றத்துக்கு உள்ளாகும் சதுப்புநிலங்களுக்கான மான்ட்ரூ பதிவேட்டில் 1993 முதல் அது இடம்பெற்றுள்ளது. மாதுளையையும் அக்ரூட்டையும் எந்த ஊர்ச் சந்தையிலும் வாங்கிவிடலாம். ஆனால், இக்குழம்பின் மூன்றாவது பொருளைக் கிலானுக்குக் கொண்டுவந்த நீர்நிலை நிலைத்திருந்தால்தான், அதன் பழைய வடிவம் அந்த மண்ணோடு கொண்டிருந்த தொடர்பும் நிலைக்கும்.