அடுப்புக்கு உகந்த சிமெண்டு கூரைக்கு ஆகாது

காஞ்சிபுரம் வட்டாரத்தில் அடுப்பை நம்பிய தொழில்கள் பல. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்ற அடுப்பு வேண்டும். நெல் அவிக்க அடுப்பு வேண்டும். கரும்புச்சாறு காய்ச்சும் கொப்பரைக்கும் அடுப்பு வேண்டும். இவற்றைச் சாதாரண சிமெண்டு வைத்துக் கட்டியவர்கள் அனைவரும் கண்டிருக்கக் கூடிய ஒன்று உண்டு. சில மாதங்களில் உட்பூச்சு வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். இதற்கு மாற்றாக உள்ளதே அலுமினேட் சிமெண்டு. ஆனால் இதே சிமெண்டைக் கூரைக்கும் உத்தரத்துக்கும் போட்டால் பெரும் ஆபத்து. எதை எங்கே பயன்படுத்துவது என்பதை உழவர்கள் அறிந்து கொள்வது அவசியம்.

சாதாரண சிமெண்டு உதிர்வது ஏன்?

நாம் வீடு கட்டும் சிமெண்டு சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் சேர்த்துச் சுட்டு அரைத்தது. இது தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது நீற்றுச் சுண்ணாம்பும் உண்டாகிக் கலவைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடுப்பின் சூடு 400 முதல் 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது அந்தச் சுண்ணாம்பிலுள்ள நீர் வெளியேறி, அது சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. அடுப்பு ஆறியபின் காற்றின் ஈரமோ, சிந்திய நீரோ பட்டால் மறுபடியும் நீறிப் பூரிக்கிறது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்பது எல்லோரும் அறிந்ததே. அதே செயல் பூச்சுக்குள் நடைபெறுவதால் பூச்சு வெடிக்கிறது.

அலுமினேட் சிமெண்டின் தன்மை

இது பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. பாக்சைட் நமது மாநிலத்தில் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் உண்டு. பிரான்சு நாட்டில் லஃபார்ஜ் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜூல் பியே 1908ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நிலத்திலுள்ள சல்பேட் உப்பு சாதாரண சிமெண்டை அரித்ததால், அதைத் தாங்கும் சிமெண்டைத் தேடியபோது கிடைத்தது இது.

இதன் சிறப்புகள் இரண்டு. முதலாவது, 24 மணி நேரத்திலேயே பெரும்பகுதி வலிமை வந்துவிடும். சாதாரண சிமெண்டு இந்த நிலையை அடைய வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது, இறுகும்போது நீற்றுச் சுண்ணாம்பு உண்டாவதில்லை. ஆகவே, தீச்செங்கல் தூளுடன் கலந்தால் 1000 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் தாங்கும்.

கூரைக்கு ஏன் ஆகாது?

சீக்கிரம் இறுகுகிறதே, வாடகைப் பலகையை மறுநாளே பிரித்துவிடலாமே என்று தோன்றலாம். மேலைநாடுகளில் அவ்வாறு எண்ணித்தான் இதில் உத்தரங்கள் வார்த்தார்கள். 1973இல் லண்டன் காம்டன் பகுதியில் ஒரு பெண்கள் பள்ளியின் மண்டபக் கூரை இடிந்து விழுந்தது. 1974 பிப்ரவரியில் அதே நகரில் ஸ்டெப்னி பகுதிப் பள்ளி ஒன்றின் நீச்சல்குளக் கூரை விழுந்தது. அது கட்டி முடித்துப் பத்தாண்டு கூட ஆகாத கட்டடம். இதன்பின் சில ஆண்டுகளில் அந்நாட்டுக் கட்டட விதிகள் இச்சிமெண்டை உத்தரங்களுக்கு ஏற்காமல் ஒதுக்கின.

காரணம் இதுதான். இறுகிய அலுமினேட் சிமெண்டிலுள்ள படிகங்கள் நாளடைவில் வேறு படிகங்களாக மாறுகின்றன. புதிய படிகங்கள் குறைந்த இடத்தையே அடைத்துக் கொள்வதால் உள்ளே நுண்துளைகள் பெருகி, வலிமை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இம்மாற்றம் விரைவாக நடக்கும். குளிர்நாட்டில் சூடேற்றிய நீச்சல்குளத்தில் நேர்ந்தது அது. நமது ஊரிலோ ஆண்டின் பெரும்பகுதி 30 டிகிரிக்கு மேல்தான். நீராவி சூழ்ந்த சாயக்கூடம், ஈரமான மாட்டுத் தொழுவம், தண்ணீர்த் தொட்டி, கிணற்றுச் சுவர் ஆகிய எதற்கும் இதைப் பயன்படுத்தலாகாது. சல்பேட் உப்பு மிகுந்த நிலமாயின், அதற்கென்றே விற்கும் சல்பேட் தாங்கும் போர்ட்லண்டு சிமெண்டைப் பொறியாளரிடம் கேட்டு வாங்குக.

அடுப்பில் பூசும் முறை

வீட்டுச் சமையல் அடுப்புக்குக் களிமண்ணுடன் உமி கலந்து பூசுவதே போதும். அதற்கு இச்சிமெண்டு வீண் செலவு. நாள்தோறும் பல மணி நேரம் எரியும் தொழில் அடுப்புக்கு மட்டுமே வாங்கலாம். விலை சாதாரண சிமெண்டைப் போல் பல மடங்கு. எனவே, தீச்சுவாலை நேரே படும் உட்பகுதியில் மட்டும் 3 முதல் 4 அங்குலக் கனத்துக்குப் போட்டால் போதும். வெளிச்சுவரைச் சாதாரணச் செங்கல்லும் மண்ணும் கொண்டே கட்டலாம்.

1. ஆற்று மணலும் கருங்கல் ஜல்லியும் கூடாது, சூட்டில் வெடிக்கும். கடைகளில் 'பயர் பிரிக்' எனப்படும் தீச்செங்கல்லின் உடைந்த துண்டுகளை நொறுக்கிச் சேர்க்கவும். சிமெண்டு 1 பங்கு, தீச்செங்கல் நொறுங்கு 3 அல்லது 4 பங்கு.

2. சாதாரண சிமெண்டோ சுண்ணாம்போ சிறிதும் கலக்கக் கூடாது. கலந்தால் பூசுவதற்குள் இறுகிவிடும். பழைய சாந்து ஒட்டிய சட்டி, மண்வெட்டி, கரண்டி ஆகியவற்றை நன்கு கழுவியபின் பயன்படுத்தவும்.

3. தண்ணீரை அளவாகச் சேர்க்கவும். கையில் உருண்டை பிடித்து மேலே எறிந்து பிடித்தால் உடையாமலும் வழியாமலும் இருக்க வேண்டும். கலந்ததை அரை மணிக்குள் போட்டு முடிக்கவும்.

4. முதல் நாளிலேயே இதில் மிகுந்த சூடு பிறக்கும். மேற்பரப்பு இறுகியதும் ஈரச்சாக்கு போர்த்தி, 24 மணி நேரம் காயாமல் பார்த்துக் கொள்ளவும்.

5. பின் இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, முதல் நாள் சிறு தீ மட்டும் நாள் முழுதும் எரிக்கவும். மறுநாள் சற்றுக் கூட்டவும். அவசரப்பட்டு முழுத் தீ மூட்டினால் உள்ளே தங்கிய நீர் ஆவியாகி, பூச்சைப் பிளந்து தள்ளும். பட்ட செலவும் பாடும் ஒரே நாளில் வீணாகும்.

விறகுச் சாம்பலிலுள்ள கார உப்பு பூச்சை மெல்ல அரிக்கும். ஆகையால் சாம்பலை நாள்தோறும் வாரி எடுப்பது நல்லது.

வாங்கும்போது

இச்சிமெண்டுக்கு ஐ.எஸ். 6452 என்ற இந்தியத் தரவிதி உண்டு. மூட்டையின் மேல் எழுதியுள்ளதைப் படித்தபின் வாங்கவும். ஈரம் பட்டால் கெடுமாதலால் வேண்டிய அளவு மட்டும் வாங்குக. மீதியை வீட்டு வேலைக்குச் சேர்த்துவிடலாம் என்று கொத்தனார் கூறினால் இணங்க வேண்டாம். முன்பே எவரேனும் இதில் கூரையோ உத்தரமோ வார்த்திருந்தால், அதன்மேல் நெல் மூட்டை, வைக்கோல் போன்ற பாரம் ஏற்றாமல், பொறியாளர் ஒருவரிடம் காட்டிச் சோதித்துக் கொள்வது உயிருக்குப் பாதுகாப்பு.